திரைக்குத் தகுந்த பக்கம்!

குட்டீஸ்! ஒரே இணையதளம் கணினியில் அகலமாகவும், செல்போனில் ஒடுங்கியும் அழகாகத் தெரிகிறதே, எப்படி?

திரை முழுவதும் 'பிக்சல்' எனும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒரு காலத்தில் பல மானிட்டர்களில் குறுக்கே 800 புள்ளிகள். பிறகு 1024 ஆனது. அதற்கேற்ப பலர் 960 புள்ளி அகலத்தில் பக்கங்களை அமைத்தனர். 2007ல் வந்த ஐபோனின் அகலமோ 320 புள்ளிகளே! பக்கம் முழுவதும் சுருங்கி, எழுத்துகள் எறும்பு போலாயின.

2010ல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட், ஒரு கட்டுரையில் வழி சொன்னார். அகலத்தைப் புள்ளியில் குறிக்காமல், சதவீதத்தில் குறிக்க வேண்டும்!

கணக்குப் போடுவோமா? 960 புள்ளிப் பக்கத்தில் 300 புள்ளி அகலப் பத்தி என்றால், அது 31.25 சதவீதம். 320 புள்ளித் திரையில் அதே சதவீதம் 100 புள்ளிகள். பத்தி ஒழுங்காகப் பொருந்திவிட்டது. ஆனால், வரிக்கு ஓரிரு சொற்களே அடங்கும், படிக்க முடியுமா? அதனால் இன்னொரு விதியும் உண்டு. 'திரை குறுகினால், பக்கத்துப் பத்தி கீழே இறங்க வேண்டும்' என்பதே அது. படங்களும் பத்தியை மீறாமல் சுருங்கிக்கொள்ளும்.

இதனால் என்ன நன்மை? கணினி இல்லாத வீட்டுப் பிள்ளையும், தேர்வு முடிவையோ உதவித்தொகை அறிவிப்பையோ செல்போனிலேயே சிரமமின்றிப் படிக்கலாம்.

சோதித்துப் பாருங்களேன்! கணினியில் ஒரு இணையதளத்தைத் திறந்து, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்லக் குறுக்குங்கள். பத்திகள் கீழே இறங்கினால், சபாஷ்! இறங்காவிட்டால், அதை வடிவமைத்தவர் சின்னத் திரைக்காரர்களை மறந்திருக்கலாம்.