உங்களுக்குத் தெரியுமா? யானை குணமும் சிலந்தி குணமும்

திருவானைக்காவல் தலபுராணமே இரண்டு சுபாவங்களின் மோதல்தான். வெண்நாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாதென்று சிலந்தி வலை பின்னியது. காவிரி நீரைத் துதிக்கையில் முகந்து வந்த யானைக்கு அந்த வலை ஒட்டடையாகத் தெரிந்தது; அறுத்துப் போட்டது. சிலந்தி மறுபடி பின்ன, யானை மறுபடி அறுக்க, கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. இரண்டும் மாண்டன. பக்தியில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஒன்றின் பூசை மற்றதன் கண்ணுக்கு அசுத்தமாகப் பட்டது. ‘நீங்கள் எந்த வகை?’ என்று கேட்கும் ஆளுமைப் பரிசோதனைகளால் நிஜமான பயன் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான்: அடுத்தவர் வேறு மாதிரிச் செய்வதை அலட்சியம் என்று முடிவுகட்டும் முன் ஒரு நிமிடம் நிற்க வைக்கின்றன.

*

அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறது பெரியபுராணம். ஒரு நாழிகை தள்ளிப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொல்ல, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்லிப் பிரசவத்தைத் தாமதப்படுத்தினாள். குழந்தையைப் பார்த்ததும் உயிர் விட்டாள். பிறந்த நேரம் ஆளையே தீர்மானிக்கும் என்ற நம்பிக்கைக்கு அவள் கொடுத்த விலை அது. வளர்ந்த அரசனோ யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான். பழைய பகை புதிய பிறவியிலும் முடிவெடுத்தது!

*

பஞ்சபூதத் தலங்களில் திருவானைக்காவல் நீருக்கு உரியது. அதே ஐந்து பூதங்களை வைத்துத்தான் சித்த மருத்துவம் மனிதரை வகைப்படுத்துகிறது. காற்றும் வெளியும் வாதம்; தீ பித்தம்; மண்ணும் நீரும் ஐயம் என்கிற கபம். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார்: ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். உடலோடு குணத்தையும் சேர்த்தே சொல்லும் முறை இது. பித்த உடம்புக்காரர் சட்டென்று கோபப்படுவார், கப உடம்புக்காரர் நிதானம் என்பார்கள். 2008-இல் தில்லி சிஎஸ்ஐஆர் மரபணு ஆய்வு நிறுவனத்தில் மிதாலி முகர்ஜி குழு, ஆயுர்வேதத்தின் இதே மூன்று வகையினரிடம் மரபணுச் செயல்பாட்டில் வேறுபாடுகள் தெரிவதாக வெளியிட்டது. உடல்வாகு பற்றிய செய்தி அது. கோபத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் பரிசோதனையை உருவாக்கிய தாயும் மகளும் உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் இசபெல் துப்பறியும் நாவல் எழுதியவர். கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலிலிருந்து கிளம்பி, நான்கு ஜோடிக் குணங்களைக் கொண்டு 16 வகை மனிதர்களை வகுத்தார்கள். சிக்கல் இதுதான்: பெரும்பாலோர் கூச்சம், கலகலப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால், சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதும்போது பலர் கோட்டின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

*

1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்துத் தனித்தனியாக முடிவு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! பெரும்பகுதி கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ‘வெளியே தைரியம், உள்ளுக்குள் தயக்கம்’ என்றால் யார்தான் இல்லை என்பார்? உங்கள் முடிவைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டுங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் அதை நம்பி வேலையை மாற்றாதீர்கள்.

*

திருவானைக்காவல் அம்மன் அகிலாண்டேசுவரி ஒருகாலத்தில் உக்கிரமாக இருந்ததாகவும், ஆதிசங்கரர் தாடங்கம் என்னும் காதணி அணிவித்து, எதிரே பிள்ளையாரைப் பிரதிட்டை செய்ததும் சாந்தமானதாகவும் ஐதிகம். பிள்ளை முகம் எதிரே இருந்தால் தாய்க்குக் கோபம் நிற்குமா? எதிரில் யார், எந்தச் சூழல் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் வேறு வேறாக நடப்பதை உளவியலாளர் வால்டர் மிஷல் 1968-இல் வலியுறுத்தியபோது அந்தத் துறையே கலங்கியது. ‘நான் கோபக்காரன்’ என்பதைவிட ‘பசியோடு இருக்கும்போது, அவசரப்படுத்தினால் கோபம் வருகிறது’ என்பது முடிவெடுக்க எவ்வளவோ உதவும்.

*

நம் ராணுவ அதிகாரித் தேர்வின் உளவியல் பகுதியிலும் இப்படிச் சூழல்களைக் கொடுத்துத்தான் ‘என்ன செய்வீர்கள்?’ என்று எழுதச் சொல்கிறார்கள். சொல் ஒன்றைக் காட்டி, மனதில் தோன்றுவதை 15 நொடிக்குள் எழுதவும் வேண்டும்.

*

சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது திருவானைக்காவலில். 1907-இல் நிதித்துறைத் தேர்வில் தேறி கல்கத்தாவில் அரசு கணக்கு அதிகாரியானார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் ஒலியையும் ஒளியையும் ஆராய்ந்தார். பத்தாண்டு கழித்து, 1917-இல், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவிக்குப் போனார். எந்த வேலை ஒத்துவரும் என்று அவர் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. களைத்த பிறகும் கால் எங்கே போகிறது என்பது பத்து வருடமாகக் கண்ணெதிரே இருந்தது. வேலை மாறத் தயங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

*

உங்களை அதிகம் தெரிந்தவர் நீங்களா, வீட்டாரா? சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி பதில் இரண்டாகப் பிரிகிறது. மனப் பதற்றம் போல உள்ளே நடப்பதை நாமே சரியாகச் சொல்கிறோம். புத்திக் கூர்மை, கற்பனைத் திறன் போன்றவற்றில் நண்பர்களின் கணிப்பு நம்முடையதைவிடச் சரியாக இருக்கிறது. எனவே எந்தப் பரிசோதனை செய்தாலும், உங்களை நினைத்து அதே தாளை அண்ணியோ, நெடுநாள் நண்பரோ நிரப்பட்டும். இரண்டு தாளும் எங்கே முரண்படுகின்றனவோ, பேச்சை அந்த வரியில் தொடங்குங்கள்.