104 வயசில் பிளஸ் ஒன்!

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலை இரண்டாம் தடவை படித்தேன். முதல் தடவை முடிவு தெரிய ஓட்டம். இந்தத் தடவை பி.காம். புத்தியோடு கணக்குப் பார்த்தேன்.

அமெரிக்காவில் ஃபோர்க்ஸ் என்ற மழை ஊர். பெல்லாவுக்கு 17 வயசு. காதலன் எட்வர்ட் ரத்தக் காட்டேரி. பிறந்தது 1901. 1918-ல் ஃப்ளூ காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரி ஆனவன். நாவல் வெளியான 2005-ல் வயசு 104. படிப்பதோ நம்ம கணக்கில் பிளஸ் ஒன். எத்தனை அரியர்ஸோ! வெயில் பட்டால் சாம்பலாகாமல் ஜரிகை மாதிரி மின்னுகிறான் சார்.

இத்தனை ஓட்டை இருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியலை. ஏன்? பெல்லாவின் ரத்த வாசனை அவனுக்குக் கொலைவெறி ஏற்றுகிறது. பார்த்த முதல் நாளே அலாஸ்காவுக்கு ஓடிப் போகிறான். ஒரு பெண்ணுக்குத் தன்னாலேயே ஆபத்து வந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆண்பிள்ளை! அது வரவு.

செலவு? அவளுக்கே தெரியாமல் ராத்திரியில் வீட்டுக்குள் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாவலில் அதற்குப் பெயர் காதல். நம்ம தெருவில் எஃப்.ஐ.ஆர்.!

தம்பிகளா, எட்வர்டிடம் கடன் வாங்குவதானால் அந்த பயத்தை மட்டும் வாங்குங்கள். ராத்திரி விசிட் வேண்டாம். வாசலில் காலிங் பெல் இருக்கிறது.