விபத்துக்குப்பின் பேசும் முறை

மாணவர்களே! ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலை வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களை அது தொடுகிறது. உறவினர் இல்லத் திருமணத்திற்காக ஒரு குடும்பம் அவ்வழியே காரில் செல்வதாகக் கொள்வோம். பேரணாம்பட்டைக் கடந்தபின் லாரி ஒன்று காரின் மீது மோதுகிறது. காரை ஓட்டிய தந்தையின் கை முறிகிறது. அக்குடும்பம் யாரிடம், எதை, எவ்வாறு பேச வேண்டும்?

உயிர் காப்பதே முதற்கடமை. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். காயமுற்றோருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தல், காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து வாயிலாகத் தகவல் தருதல் ஆகியன ஓட்டுநரின் கடமைகள் என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஓட்டுநரே காயமுற்றிருந்தால் குடும்பத்தினர் அவர்பொருட்டுத் தகவல் தரலாம். பாலிசி எண், விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம், காயமுற்றோர் விவரம், ஓட்டுநரின் பெயர், உரிம விவரம் ஆகியவை அத்தகவலில் இடம்பெற வேண்டும்.

இரு நிறுவனங்கள்

இங்கே பேச வேண்டிய நிறுவனங்கள் இரண்டு. ஒன்று, காருக்குக் காப்பீடு அளித்த நிறுவனம். முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் காரின் சேதத்திற்கு அதனிடம் இழப்பீடு கேட்கலாம். சர்வேயர் எனப்படும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன்னர்க் காரைப் பழுது பார்த்தல் கூடாது.

மற்றொன்று, லாரிக்குக் காப்பீடு அளித்த நிறுவனம். லாரி ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்திருந்தால், தந்தையின் காயத்திற்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு அதனைச் சாரும். இதற்காகவே ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் பலர் அதனைப் புதுப்பிப்பதில்லை. சாலைப் பாதுகாப்பு வேண்டிக் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கில் பிறந்த ஆணையின்படி, 2018 செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் அக்காப்பீட்டை ஒருசேர எடுக்க வேண்டியதாயிற்று.

சொல்லில் கவனம்

நிறுவனத்தார் தொலைபேசியில் வினவும்போது கண்டதை மட்டும் கூறுக, ஊகத்தைக் கூறற்க. ‘லாரி ஓட்டுநர் உறங்கியிருப்பார்’ என்பது ஊகம். ‘லாரி வளைவில் வலப்புறம் ஏறி வந்தது’ என்பது கண்ட செய்தி. ‘எங்களுக்கு ஒன்றுமில்லை’ எனக் கூறிவிட்டால், பின்னர்த் தோன்றும் வலியை விளக்குதல் அரிதாகும். ‘மருத்துவர் பரிசோதித்து வருகிறார்’ என்பதே உண்மையும் தகுதியுமான விடை. அறியாததை ‘அறியேன்’ எனக் கூறுவதில் இழுக்கில்லை. பேசியவர் பெயரையும் நாளையும் குறித்து வைத்தல் நன்று.

லாரியின் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையைத் தர முன்வரலாம். அதனை ஏற்பதும் மறுப்பதும் குடும்பத்தின் உரிமை. சிகிச்சை முடியும் முன்னர் மருத்துவச் செலவும் இழந்த ஊதியமும் முழுமையாகத் தெரியா. ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என எழுதிய தாளில் கையொப்பமிட்டுவிட்டால், மீண்டும் கேட்பது கடினம். ஆகவே பொருள் விளங்காத எத்தாளிலும் கையொப்பமிடலாகாது.

உடன்பாடு ஏற்படாவிடின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். விபத்து நிகழ்ந்த ஆறு திங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. விபத்து தமிழ்நாட்டில் நிகழ்ந்திருந்தாலும், தாம் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆதலால் ராபர்ட்சன்பேட்டைக் குடும்பம் வழக்கிற்காக ஒவ்வொரு முறையும் எல்லை கடந்து செல்ல வேண்டியதில்லை.

உங்கள் பங்கு

தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் தமிழில் இருக்கும். புகார் அளித்தவருக்கு அதன் படி கட்டணமின்றித் தரப்படும். வாகன எண்ணில் ஓர் இலக்கம் பிழைபட்டாலும், இடப்புறம் என்பது வலப்புறம் என மாறினாலும் இழப்பீடு தடைபடலாம். வீட்டில் பேசத் தெரிந்தும் தமிழ் படிக்க அறியாத பெரியோர் நம்மூரில் உளர். அவ்வேளையில் அறிக்கையை உரக்கப் படித்துப் பொருள் கூற வல்லவர் நீங்களே. பிழை கண்டால் பெரியோரிடம் உடனே கூறுங்கள். நீங்கள் கற்ற எழுத்து ஒரு குடும்பத்தின் உரிமையைக் காக்கும்.

சொற்பொருள்

காப்பீடு – இழப்பு நேர்ந்தால் ஈடு செய்யும் ஒப்பந்தம்
இழப்பீடு – இழப்புக்கு ஈடாகத் தரும் தொகை
ஊகம் – உய்த்துணர்ந்து கூறுவது
திங்கள் – மாதம்

பயிற்சி

1. குடும்பம் பேச வேண்டிய இரு நிறுவனங்கள் யாவை? ஒவ்வொன்றிடமும் எதற்கு இழப்பீடு கேட்கலாம்?
2. ‘அவர் மிக வேகமாக வந்திருக்க வேண்டும்’ – இது கண்ட செய்தியா, ஊகமா? காரணம் தருக.
3. பாடத்தில் வந்த விபத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று வரைக.