தோசை, சாரல், கம்பன்

லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும், 'வேற என்ன சார் வேணும்?' என்று விரட்டாத காபிக் கடை. 2011-ல் மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்த பிறகு தென்காசிப் பக்கமும் இந்த ஆசை சகஜம்.

அப்படி ஓர் இடம் குற்றாலத்தில் எப்போதோ இருந்தது. பில் மட்டும் கிடையாது! ரசிகமணி டி.கே.சி.யின் வீடு அது.

நெல்லையில் அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிப் பாட்டு ரசித்தார்கள். 'வட்டத்தொட்டி' என்ற பெயர் அப்படி வந்தது. பிற்பாடு குற்றாலத்துக்குக் குடிவந்தார். சபையும் கூடவே வந்துவிட்டது. ராஜாஜி, கல்கி எல்லாம் விருந்தாளிகள். அருவியில் குளித்தால் எப்படிப் பசிக்கும் என்று சீசனுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இலையில் இட்லி, தோசை; பேச்சில் கம்பன்.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, எது கம்பன் வாக்கு, எது இடைச்செருகல் என்று பிரிப்பார். 'கம்பர் தரும் ராமாயணம்' அப்படி உருவானதுதான். கம்பனைத் திருத்த இவர் யார் என்று புலவர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனால், பண்டிதர் கையிலிருந்த பாட்டைப் பந்திக்குக் கொண்டுவந்தவர் அவரல்லவா?

1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார். ஜூன் பிறந்தால் சாரல் வருகிறது. உட்கார்ந்து பேசத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.