கிணற்றடி முந்திரிகையில் இருந்து வைன்: வன்னியில் முடியுமா?

கிணற்றடியில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க, பழம் முழுவதும் இரண்டு கிழமைக்குள் பழுத்துவிடும். அயலுக்குக் கொடுத்து, குருவிக்கும் வௌவாலுக்கும் போனது போக, மிச்சத்தை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். முள்ளியவளையில் இதைப் பற்றிப் பேசினால், "வைன் போட்டு வைத்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இரண்டு பகுதி கொண்டது.

முதலாவது, பழம். வடக்கில் அதிகம் பயிராகும் 'இஸ்ரேல் புளூ' கறுப்பு இனம். இருந்தும் அதில் வெள்ளை வைன் செய்யலாம். ஏனெனில் நிறம் தோலில்தான் இருக்கிறது. நசித்த உடனேயே தோலை நீக்கிவிட்டால் சாறு வெளிறியே இருக்கும்.

சிக்கல் சீனியில். ஒரு லீற்றர் சாற்றில் உள்ள 17 கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ 1 சதவீத மதுசாரம் கிடைக்கும். லீற்றருக்கு 170 கிராம் சீனி உள்ள சாறு முழுதாக நொதித்தால் 10 சதவீதம் வரும், இனிப்பு மிஞ்சாது. அத்தகைய வைன் வருடக்கணக்கில் நிற்கவும் மாட்டாது.

சைப்பிரஸ் தீவில் 'கொமண்டாரியா' என்ற இனிப்பு வைனுக்குப் பழத்தை முதலில் வெயிலில் காயவைக்கிறார்கள். தண்ணீர் வற்ற, சீனியும் புளிப்பும் செறிவாகின்றன. பழத்தின் எடை பாதியானால், லீற்றருக்கு 360 கிராம் வரை சீனி இருக்கும். மதுசாரம் 14 சதவீதத்தை அடைய 240 கிராம் செலவாகும். அந்த அளவில் நுரைமம் களைத்துவிடும். மிச்சம் 120 கிராம் இனிப்பாக நிற்கும். மதுசாரம், சீனி, புளிப்பு மூன்றும் சேர்ந்துதான் வைனைக் காக்கின்றன.

வெயில் எங்களிடம் தாராளம். அதே வெயில்தான் எதிரியும். சூட்டில் பழத்தின் புளிப்பு குறைந்துவிடும். புளிப்பில்லாத இனிப்பு வைன் பாணிபோல் திகட்டும். மாரிக்கு முன் பழம் இறங்கும்படி கொப்பு வெட்டாவிட்டால், மழையில் பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். வைத்துப் பழமையாக்க 12 முதல் 15 பாகை வரையான குளிர்ச்சி வேண்டும். ஜோர்ஜியாவில் பெரிய மண்சாடிகளை நிலத்துக்குள் புதைத்து வைன் செய்வது சீரான குளிர்ச்சிக்காகவும்தான். 30 பாகையைத் தாண்டும் எங்கள் வீடுகளில் வெள்ளை வைன் விரைவில் பழுப்பாகி மணமிழக்கும். நொதிப்பு முடியாமல் அடைத்தால் போத்தலே வெடிக்கலாம்.

இரண்டாவது பகுதி, சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். ஆகவே, மேலே சொன்னதை வீட்டுக் குசினியில் முயன்று பார்க்கச் சொல்லவில்லை.

ஆனால் வடக்குக்கு முந்திரிகை வைன் புதிதல்ல. யாழ்ப்பாணம் தோலகட்டியில், 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையினர் முந்திரிகை வளர்த்து, திருப்பலிக்கான வைன் தயாரித்து வந்துள்ளனர். திருச்சபைச் சட்டப்படி அந்த வைன் முந்திரிகைப் பழத்தில் இருந்தே வர வேண்டும், பழுதாகியிருக்கவும் கூடாது. அந்த நிபந்தனை தோட்டத்தையும் தொழிலையும் ஒன்றாகக் கட்டி வைத்தது.

பனங்கள்ளுக்குக் கூட்டுறவுச் சங்கம் என்ற வழி இருப்பதால்தான் சீவல் தொழிலாளியால் சட்டத்துக்குள் நின்று சீவ முடிகிறது. பந்தல் வைத்திருப்பவர்களும் ஒன்றுசேர்ந்தால்தான் அனுமதிப்பத்திரம், குளிரறை, பரிசோதனை என்ற செலவுகளைத் தாங்க முடியும். தனிவீட்டால் ஆகாது.

அதுவரை செய்யக்கூடியது சாறு. வடித்த சாற்றை 80 பாகை வரை சூடாக்கி, கொதிநீரில் கழுவிய போத்தலில் சூட்டோடு அடைத்தால் நொதிக்காமல் நிற்கும். இரண்டு கிழமையில் முடிந்துபோகும் பழம், ஆறுதலாக விற்கக்கூடிய பொருளாகும். வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டிய அவசரமும் குறையும்.