மோட்டாரின் மூச்சும் காம் தண்டும்

1964 ஆம் ஆண்டில் பொன்ரியாக் நிறுவனத்தார் 'ஜீ.ரீ.ஓ.' என்னும் காரை வெளியிட்ட காலந்தொட்டு, நடுத்தர அளவுடைய உடலிலே மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய அமெரிக்கக் கார்கள் புகழ் பெறலாயின. அவற்றை 'மசில் கார்' என்பர். 1970களில் அவற்றின் பொற்காலம் முடிந்துவிட்டது. எனினும், அப்பழைய கார்களைப் புதுக்கித் தெருவிலே ஓட்டி மகிழ்வோர் அந்நாட்டில் இன்றும் பலர். எஞ்சினின் வலுவைக் கூட்ட விரும்பும் அவர்கள் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது காம் தண்டில். பணத்தை இழப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

காம் தண்டு என்பது யாது? முட்டை வடிவான மேடுகள் பல அமைந்த சுழல் தண்டு அது. ஒவ்வொரு மேடும் உரிய வேளையில் ஒரு வால்வைத் திறந்து மூட இடமளிக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டு இரு முறை சுற்றும்போது காம் தண்டு ஒரு முறை சுற்றும். மேட்டின் உயரம் வால்வு எத்துணை திறக்கும் என்பதை வகுக்கும். அதன் அகலம் எத்துணை நேரம் திறந்திருக்கும் என்பதை வகுக்கும். முன்னையதை அங்குலத்திலும், பின்னையதைப் பிரதான தண்டின் சுழற்சிப் பாகையிலும் கூறுவர். எஞ்சின் மூச்சு விடும் முறையை விதிப்பது இத்தண்டே எனலாம்.

நேயர்களே, வால்வு நெடுநேரம் திறந்திருந்தால் காற்றும் பெற்றோலும் மிகுதியாக உட்புகும், வலுவும் மிகும் என்று எண்ணுதல் இயல்பு. அது பாதி உண்மையே. திருவிழாக் கூட்டம் மண்டப வாசலில் விரைந்து நுழையும்போது, உள்ளே இடம் குறைந்த பின்னரும் பின்னாலுள்ளவர்களின் உந்துதலால் மேலும் சிலர் உள்ளே வந்து சேர்வர். அவ்வாறே எஞ்சின் விரைந்து சுழலும்போது, பிஸ்டன் மேலெழத் தொடங்கிய பின்னரும் காற்று தன் வேகத்தால் உள்ளே வந்துகொண்டிருக்கும். வால்வு பிந்தி மூடுவது அப்போது நன்மை. மெதுவாகச் சுழலும்போதோ காற்றுக்கு அவ்வேகம் இல்லை. மேலெழும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே, நிமிடத்துக்கு 6000 சுற்றில் வலுவைக் கொடுக்கும் தண்டு, 1500 சுற்றில் அதனைப் பறித்துக்கொள்கிறது.

இதற்கு 1967 ஆம் ஆண்டில் வெளிவந்த ஷெவர்லே கமாரோ 'இசட் 28' நல்ல சான்று. 'டிரான்ஸ் ஆம்' ஓட்டப் பந்தயத்தின் 305 கன அங்குல எல்லைக்குள் அடங்குமாறு, 302 கன அங்குல எஞ்சினோடு அது அமைக்கப்பட்டது. அதிலிருந்த காம் தண்டுக்கு 'முப்பது முப்பது' என்று பெயர். இருவகை வால்வுகளுக்கும் 0.030 அங்குல இடைவெளி விடப்பட்டமையே அப்பெயருக்குக் காரணம். 0.050 அங்குல உயர்வில் அளந்தால் அதன் திறப்பு 254 பாகை. அதே நிறுவனத்தின் 300 குதிரை வலுக் கொண்ட 350 கன அங்குல எஞ்சினிலோ, உள்வாங்கும் வால்வுக்கு 195 பாகையும் வெளிவிடும் வால்வுக்கு 202 பாகையுமே. முன்னது தெருவில் ஓட அனுமதி பெற்ற பந்தயக் கார். கையால் மாற்றும் நான்கு கியர்ப் பெட்டியோடு மட்டுமே விற்கப்பட்டது. பின்னது கடைவீதிக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் கார்.

அந்த 'இசட் 28' நின்ற இடத்திலே எழுப்பும் தடுமாறிய உறுமலுக்கு மயங்கிப் பலர் அத்தகைய தண்டை வாங்குகின்றனர். ஓசையைக் கேட்டுத் தண்டை வாங்குவது, நாதசுரத்தைக் கேட்டு மாப்பிள்ளையைத் தீர்மானிப்பது போன்றது. அவ்வோசைக்குக் காரணம், இரு வால்வுகளும் ஒருங்கே சிறிது நேரம் திறந்திருப்பதால் எரிந்த புகை புதிய கலவையோடு கலந்துவிடுவதே. அப்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடமும் குறைகிறது. வெற்றிடத்தின் துணைகொண்டு இயங்கும் பிறேக்குள்ள காரில் இது சிறு குறையன்று. மிதி கல்லைப்போல் இறுகி, கார் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது போகலாம்.

ஆதலால், முதலிற் கேட்க வேண்டிய வினா 'எஞ்சின் எந்தச் சுழற்சி வேகத்தில் வாழ்கிறது?' என்பதே. 27 அங்குலச் சக்கரமும் 3.08 பின் அச்சு விகிதமும் உள்ள கார், நேரடிக் கியரில் மணிக்கு 60 மைல் ஓடும்போது எஞ்சின் ஏறத்தாழ 2300 முறைதான் சுற்றும். 3.73 விகிதமாயின் 2800க்கு அண்மையில் வரும். நகரத்தெருவில் இதனினும் குறைவே. 350 கன அங்குல எஞ்சினும் தானியங்கிக் கியரும் உடைய இத்தகைய காருக்கு, 0.050 அங்குலத்தில் 210 முதல் 220 பாகை வரையிலான தண்டு பொருந்தும் என்பது என் கருத்து. எஞ்சின் பெரிதானால் சற்று மிகுந்த அளவையும் தாங்கும். 302இல் முரண்டு பிடிக்கும் தண்டு 454இல் சாதுவாகிவிடும். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சினில் நெடுந்திறப்பு மேலும் சோர்வையே தரும். விற்பனையாளர் விளம்பரத்திற் காட்டும் பாகையை நம்பி ஒப்பிடலாகாது. 'முப்பது முப்பது' தண்டே விளம்பர அளவில் 346 பாகை. ஐயம் இருப்பின் ஒருபடி சிறியதையே கொள்க.

தண்டைத் தெரிந்தபின், அதற்கேற்ற வால்வுச் சுருள்களையும் உடன் மாற்ற வேண்டும். எண்ணெயையும் கவனித்தல் அவசியம். பழைய எஞ்சின்களில் தட்டையான டப்பெட்டுக்கள் மேட்டின்மீது நேரே உராய்வன. அவ்வுராய்வைத் தாங்கத் துத்தநாகமும் பொசுபரசும் கலந்த சேர்மானம் எண்ணெயில் வேண்டும். புகைநீக்கும் கருவிகளைப் பாதுகாக்கும் பொருட்டு, 2004 ஆம் ஆண்டில் வந்த 'எஸ்.எம்.' தரம் மெல்லிய வகை எண்ணெய்களில் பொசுபரசை 0.08 சதவீதத்துக்கு மேற்படாது குறைத்தது. ஆகையால் பழைய எஞ்சின்களுக்கென விற்கும் எண்ணெயையே வாங்குதல் நன்று. புதுத் தண்டோடு எஞ்சினை முதன்முறை முடுக்கும்போது மெதுவாக ஓடவிடலாகாது. உடனே 2000 சுற்றுக்கு மேலே உயர்த்தி, இருபது முப்பது நிமிடம் சுழற்சியைச் சற்று ஏற்றியும் இறக்கியும் ஓட்டவேண்டும். மேடும் டப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவது அந்த அரைமணி நேரத்திலேதான். பழகாவிடின் மேடு தேய்ந்து மழுங்கும். அதன் இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து எஞ்சின் முழுவதையும் சுற்றிவரும்.