பரங்கிமலைக்கு எந்த வயதுவரை வழி?

"மாமா, எனக்கு வயசு தாண்டிடுச்சா?"

அக்கா மகன் இதைக் கேட்டபோது அவன் கையிலிருந்த டீ ஆடை கட்டியிருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். நான்கு வருடமாக ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. போன மாதம், ஜூனில், 26 முடிந்தது. ராணுவ அதிகாரியாக வேண்டும் என்ற ஆசையைப் பள்ளியிலிருந்தே மனதில் வைத்திருந்தவன், இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறான். நான் கல்லூரியில் பாடம் நடத்தியதோடு என்.சி.சி.யையும் பல வருடம் பார்த்துக்கொண்டவன். இதே கேள்வியோடு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அருகில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன்.

"முதல்ல பத்தாம் வகுப்பு சர்ட்டிஃபிகேட்டை எடுத்துட்டு வா" என்றேன்.

காரணம் இருக்கிறது. ராணுவம் அதிலுள்ள பிறந்த தேதியைத்தான் ஏற்கும். வயதையும் நாம் விண்ணப்பம் போடும் நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. பயிற்சி தொடங்குவதையொட்டி அறிவிப்பில் ஒரு தேதி குறித்திருப்பார்கள். அன்றைக்கு என்ன வயது என்பதே கணக்கு. தேர்வுக்கும் பயிற்சிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். இன்று 25 நடப்பதால் தகுதி உண்டு என்று நினைத்துத் தயாராகும் பலர், அறிவிப்பைப் படித்த பிறகுதான் சில மாதம் பிந்திவிட்டதை உணர்கிறார்கள்.

பட்டதாரிக்கு வாசல் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் சாத்தப்படுகிறது. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாக டேராடூன் அகாடமிக்குப் போக உச்ச வயது 24. அதே தேர்வில் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. எனப்படும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 25. சென்னைக்கு மட்டும் போட்டியிடுபவர் கணிதத் தாள் எழுத வேண்டியதில்லை. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். என்.சி.சி. 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழி உண்டு, அதற்கும் 25தான். விமானப்படையின் தரைப் பணிகளுக்கு 26. சட்டம் படித்தவர்கள் ராணுவத்தின் சட்டப் பிரிவில் சேரவும், பொறியியல் படித்தவர்கள் குறுகிய காலப் பணிக்கான தொழில்நுட்பப் பிரிவில் சேரவும் 27.

அவன் முகம் அந்த 27இல் தெளிந்தது.

"மெதுவா எண்ணு. பொறியியல் பிரிவுக்கு ஏப்ரல்ல ஒரு கோர்ஸ், அக்டோபர்ல ஒரு கோர்ஸ். வர்ற ஏப்ரல்ல உனக்கு 26 வயசு 10 மாசம். அக்டோபர்னா 27 தாண்டிடும். உனக்கு இருக்கறது ஒரே ஒரு தடவை."

இந்த வழியிலும் எழுத்துத் தேர்வு கிடையாது. பொறியியல் மதிப்பெண்ணை வைத்து ஒரு வரம்பு கட்டி, அதற்கு மேல் உள்ளவர்களை நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் ஆளுமைத் தேர்வுக்கு அழைப்பார்கள். ஐந்து நாள் தேர்வு. முதல் நாளே பலர் பெட்டியோடு திரும்ப நேரும். தங்குபவர்கள் 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்களைப் பார்த்து, மனதில் பட்டதை எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளுக்கு என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். பிறகு மைதானத்தில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து, குழுவாகத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். தனியே ஒரு நீண்ட நேர்காணலும் உண்டு.

உளவியலாளர், குழுப் பணிகளைப் பார்க்கும் அதிகாரி, நேர்காணல் செய்பவர் என மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள் ஒன்றுகூடி முடிவெடுக்கிறார்கள். எழுத்தில் மனம், நேர்காணலில் வாக்கு, மைதானத்தில் செயல். மூன்றிலும் தெரிவது ஒரே ஆள்தானா என்பதே அவர்கள் தேடுவது. மனப்பாடம் செய்த பதில் ஓரிடத்தில் நிற்கலாம். மூன்று இடத்திலும் நிற்காது.

வயது கூடியவனுக்கு நான் சொல்லும் முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. "நாலு வருஷத்தை வீணாக்கிட்டேன் மாமா" என்றான். இல்லை. கல்லூரியிலிருந்து நேராக வரும் 21 வயதுப் பிள்ளையிடம் 'பொறுப்பு எடுத்த ஒரு நிகழ்வைச் சொல்' என்றால், விழா நடத்தியதைச் சொல்வான். நீயோ ஒரு இரவு ஷிஃப்டில் அளவு தவறிய உதிரிபாகங்களைக் கண்டு, மேலாளர் கோபிப்பார் என்று தெரிந்தும் லைனை நிறுத்தியவன். அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். உன் வருடங்கள் சுமை அல்ல, சாட்சி. ஆனால் சாட்சி சொல்லும்படி அந்த வருடங்களில் ஏதாவது செய்திருக்க வேண்டும். 'இத்தனை நாள் என்ன செய்தாய்' என்று கட்டாயம் கேட்பார்கள்.

பட்டம் பெற்ற உடனே சேராதவர்களுக்குப் பரங்கிமலை அகாடமியிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1962 சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் தேவைப்பட்டபோது, 1963இல் அது பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946இல் பிறந்தவர். 1968இல் பட்டம் பெற்றார். 1971இல்தான் இங்கே சேர்ந்தார். 1972இல் அதிகாரியானபோது 26ஐ நெருங்கியிருந்தார். 1987இல் இலங்கையில் உயிர் நீத்த அவருக்குப் பரம் வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. இன்றும் பரங்கிமலையில் பயிற்சி முடிக்கும் ஒவ்வொருவரும் அணிவகுத்து வெளியேறும் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே மைதானத்தில் 2017இல் சுவாதி மகாதிக் லெஃப்டினன்ட் ஆனார். காஷ்மீரில் கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக் கொல்லப்பட்ட பின், இரண்டு குழந்தைகளின் தாயான அவர் வயதுத் தளர்வு பெற்றுத் தேர்வில் தேறி வந்தவர். பணியில் இறந்த படைவீரர்களின் மனைவியருக்கு உச்ச வயது 35 என்று விதியே இருக்கிறது. இந்தக் கதவைப் பற்றித் தெரியாத குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். "தம்பி, இவனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிருக்கேன். அது என்னாகிறது?"

மறைக்காமல் சொன்னேன். இந்த வழிக்கு மணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணம் கூடாது. பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். முதல் ஒப்பந்தம் 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. நிரந்தரப் பணி எல்லோருக்கும் கிடைக்காது. 14 வருடத்தில் வெளியே வந்தால் வழக்கமான ஓய்வூதியமும் இல்லை. நாற்பது வயதில் இன்னொரு வேலை தேட வேண்டியிருக்கும்.

அவனிடமும் ஒன்று சொன்னேன். படையில் மூப்பு என்பது அதிகாரியான தேதியை வைத்துத்தான். உன்னைவிட நாலு வயது இளையவன் உனக்கு சீனியராக நிற்பான்; அவனுக்கு நீ மனமார சல்யூட் வைக்க வேண்டும். உடம்பும் தயவு காட்டாது. 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடப் பழகியிரு என்கிறார்கள். மேசை வேலையில் நாலு வருடம் இருந்த கால்களுக்கு அது ஒரு வாரத்தில் வராது.

"இந்த ஒரு தடவையும் தவறினா?"

அதற்கும் வழி இருக்கிறது. பிராந்திய ராணுவம் எனப்படும் டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வேலையில் இருக்கும் பட்டதாரி 42 வயதுவரை அதில் அதிகாரியாகலாம், மணமானவர்களும் வரலாம். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே வருடத்துக்கு இரண்டு மாதம் சீருடையில் பயிற்சி. நாடு அழைத்தால் முழுநேரப் பணி. 1965, 1971 போர்களில் இந்தப் படை பணியாற்றியிருக்கிறது. ஆனால் இது நிலையான சம்பள வேலை அல்ல. பிழைப்பு வேறு, சேவை வேறு என்று ஏற்றுக்கொள்பவர்களுக்கான இடம்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவனைப் பார்த்து, "ஏப்ரல் வரைக்கும் ஜாதகத்தை யார்கிட்டயும் குடுக்கல. நீ முழு மூச்சா முயற்சி பண்ணு" என்றாள். ஆறிய டீயை வாங்கிக்கொண்டு சூடு பண்ண உள்ளே போனாள். அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேட எழுந்தான்.